படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

ஊராட்சித் தலைவராகப் பதவியேற்கிறவருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று விளங்கிவிடும். ஓட்டுக் கேட்கத் தெரிவது வேறு, ஊராட்சியை நடத்தத் தெரிவது வேறு. மாலை மரியாதை எல்லாம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே பதிவேடுகள் அடுக்கியிருக்கும். மொத்தம் 31. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம், சொத்துப் பதிவேடு என்று நீளும் வரிசை. அதைப் புரட்டுவதற்குள் வாசலில் காலிக் குடத்தோடு நாலு பெண்கள் வந்து நிற்பார்கள். தண்ணீர் வந்து அஞ்சு நாளாகியிருக்கும்.

சங்கரன்கோவில் வட்டாரத்து ஒன்றிய அலுவலகங்களில் விரிவாக்க அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக ஜெயித்து வரும் தலைவர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஓய்வுக்குப் பிறகும் அந்த வகுப்புகளுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். கரிசல் காட்டு ஊர்களிலிருந்து வரும் அந்தத் தலைவர்களைப் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்கு ஒரு நம்பிக்கை உறுதிப்பட்டிருக்கிறது. படிப்புச் சான்றிதழை வைத்து யார் நல்ல தலைவராவார் என்று சொல்லவே முடியாது. தன் முன்னால் நீட்டப்படும் காகிதத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவர் என்றைக்கு முடிவெடுக்கிறாரோ, அன்றைக்குத்தான் அவர் தலைவராகிறார்.

2021 அக்டோபரில் எங்கள் பக்கம் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு பெண்களைப் பற்றி நாடே பேசியது. திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டி ஊராட்சிக்குத் தலைவரான பெருமாத்தாளுக்கு வயது 90. தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டி ஊராட்சிக்குத் தலைவரான சாருகலா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், பொறியியல் படித்தவர். இருவருக்கும் சட்டம் வைத்திருந்த கடமைகள் ஒன்றேதான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வயதையும் பார்ப்பதில்லை, பட்டத்தையும் பார்ப்பதில்லை. சாலை, தெருவிளக்கு, வாறுகால், குடிநீர், சுடுகாடு எல்லாம் உன் பொறுப்பு என்று சொல்லிவிடுகிறது. பொறியியல் பட்டதாரிக்கும் வரிக் கேட்பு என்றால் என்ன, நிலுவை என்றால் என்ன என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த 2021 தேர்தலுக்கு முன்னால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபரில் பழைய தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அப்போது நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் வந்துவிட்டது. மாவட்டப் பிரிப்பு நடந்த 9 மாவட்டங்களில், நம்முடைய தென்காசியும் சேர்த்து, 2021 அக்டோபர் வரை வரவில்லை. முழுசாக ஐந்து வருஷம் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. தனி அலுவலர்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஊராட்சி நிர்வாகத்தைப் பழையவர் செய்வதைப் பார்த்துப் புதியவர் கற்றுக்கொள்வது ஒரு சங்கிலி மாதிரி வருகிற விஷயம். அந்தச் சங்கிலி எங்கள் பக்கத்தில் அறுந்துபோனது. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டிருந்ததால், 2021இல் வந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள், அதிலும் முதல் தடவை பொது வேலைக்கு வருகிறவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஊரில் நடப்புத் தலைவர் என்று ஒருவர் கூட இல்லை.

அரசுப் பயிற்சி இல்லாமல் இல்லை. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் இருக்கிறது. அதன் கீழே மண்டலப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த க. பழனித்துரை போன்றவர்கள் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே தங்கள் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு வகுப்பில் இரண்டு மூன்று நாளில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சட்டப் பிரிவு, நிதி வரும் வழி, கிராம சபை நடத்தும் முறை. நான் வகுப்பெடுத்த அனுபவத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத்தான் மனதில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பாடம் நடக்க வேண்டிய இடமும் அந்த ஊர்தான்.

அப்படிக் கற்றுக்கொண்ட ஒரு தலைவரம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 2011இல் ஜெயித்து வந்தவர். அதுவரை பீடி சுற்றிக் குடும்பம் நடத்தியவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்தார். எழுத்துக் கூட்டி வாசிப்பார், கணக்கு மட்டும் மின்னல். முதல் சிமெண்ட் ரோடு வேலைக்கான எஸ்டிமேட்டைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறி, என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "யக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிக்கா நான் கையெழுத்துப் போட?"

உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். ரோடு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம். பெருக்கினால் 45 கன மீட்டர் கான்கிரீட். கலவை விகிதத்தின்படி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட். ஆக 360 மூட்டை. அந்த எண்ணுக்கு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க பீடிக் கடையில நடக்குறதுதான இது? ஆயிரம் பீடிக்குக் குடுக்க வேண்டிய இலையக் கொறச்சுக் குடுத்துட்டு ஆயிரத்தையும் எண்ணி வாங்குவாக. கொறயுற இலைய நாம காசு குடுத்து வாங்கணும். இங்க சிமெண்டக் கொறச்சுப் போட்டுட்டு முழு ரோட்டுக்கும் பில்லு கேட்டா, கொறயுற சிமெண்டுக்கு என் ஊருல்லா காசு குடுக்கு?"

எஸ்டிமேட்டுக்கும், முடிந்த வேலையை அளந்து எழுதும் எம்.புக்குக்கும் உள்ள உறவை அதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் வாசித்ததில்லை. வேலை நடந்த அன்று அவர் களத்தை விட்டு நகரவே இல்லை. காலிச் சிமெண்ட் சாக்குகளைப் பீடிக் கட்டு மாதிரி இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி அடுக்க வைத்தார். சாயங்காலம் பத்துக் கட்டுதான் தேறியது. மீதி மூட்டை வந்து இறங்கும் வரை மிக்ஸர் மெஷினை ஓட விடவில்லை. ஓவர்சியர் வந்து அளந்து எம்.புக்கில் எழுதும்போது பக்கத்திலேயே நின்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அந்த ரோடு இன்னும் இருக்கிறது. மழை வந்தால் நடுவில் தண்ணீர் நிற்பதில்லை.

அடுத்த வருஷம் அவரே மற்றப் பெண் தலைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, என் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து, எஸ்டிமேட் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் விஷயத்தில் இதைவிட நுணுக்கமாகக் கற்க வேண்டியிருக்கிறது. எங்கள் வட்டாரம் மழையை நம்பிய கரிசல் பூமி. போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் மேல்நிலைத் தொட்டி நிரம்ப வேண்டும், நிரம்பியது எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். வால்வு திறக்கிற டேங்க் ஆபரேட்டருக்குத்தான் ஊரின் குழாய்ப் பாதை முழுதும் மனப்பாடம். ஒரு தலைவர், பால் சொசைட்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், பதவிக்கு வந்ததும் விடிகாலையில் ஆபரேட்டரோடு சைக்கிளில் போய் எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று நோட்டில் படம் போட்டுக்கொண்டார். காலனித் தெரு குழாயின் கடைசியில் இருப்பதையும், மேலத் தெருவுக்குத் திறந்திருக்கும் வரை அங்கே ஒரு சொட்டு ஏறாது என்பதையும் அப்படித்தான் கண்டுபிடித்தார். புகார் மனுவில் பத்து வருஷமாக எழுதியிருந்ததற்கு, ஒரு கேட் வால்வும் தனியாக ஒரு லைனும் போட்டதில் தீர்வு கிடைத்தது.

அதே மனிதர் குளோரின் பார்க்கவும் கற்றுக்கொண்டார். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கு தொட்டிச் சுவரில் எழுதியிருக்கும், மாதம் இரண்டு தடவை தொட்டியைக் கழுவிய தேதியும் எழுதியிருக்கும். எழுதியிருப்பது ஒன்று, நடப்பது வேறாக இருக்கலாம். சின்னச் சோதனைக் குழாயில் கடைசி வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது அந்தக் கடைசிக் குழாயில் மிஞ்சியிருக்க வேண்டும். அவர் தொட்டிக்குக் கீழே சோதிக்க மாட்டார். எப்போதும் காலனித் தெருவின் கடைசி வீட்டில்தான்.

பெண்கள் தலைவராக இருந்தால் இந்தக் குடிநீருக்கு முன்னுரிமை கிடைக்கிறது என்பதை ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டூஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். டூஃப்லோ பின்னால் 2019இல் நோபல் பரிசு பெற்றார். குடம் தூக்கிய தோளுக்கு அந்த வலி தெரியும், அதனால் இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் நாற்காலியில் கணவரோ மைத்துனரோ உட்கார்ந்துகொண்டால் ஆராய்ச்சி முடிவெல்லாம் ஊருக்கு வந்து சேராது. இப்போது நிதிக் குழு மானியத்தைச் செலவழிக்க டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். விரல் நீளத்தில் ஒரு யுஎஸ்பி கருவி. அதை உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், ஒன்றியத்து ஆள் கேட்டாலும் வீட்டு ஆள் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிலர் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களிடம்தான் சாப்பாட்டு வேளையில் தனியாகப் பேசுவேன்.

ஒரு தலைவர் கற்றுக்கொள்வது சிலருக்குப் பிடிக்காது. இதை மெதுவாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இதே சங்கரன்கோவில் வட்டாரத்தில் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சிக்கு 2006இல் ஜக்கையன் தலைவரானார். அருந்ததியர். பேருக்குத் தலைவராக இருந்துவிட்டுப் போ என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் இணங்கவில்லை. தலைவர் என்றால் முடிவெடுப்பவர் என்று நின்றார். பதவியேற்று ஒரு மாதம் ஆகியிருக்கும், நவம்பரில் கொலை செய்யப்பட்டார். 2011 ஜூனில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை வெட்டிச் சாய்த்தார்கள். தலித் பெண்மணி, உயிர் பிழைத்தது பெரிய விஷயம். ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். ஒருவரை ஒருவர் கண்காணிக்கத்தான் அந்த ஏற்பாடு. தலித் தலைவரை அடக்கி வைக்க அதே கையெழுத்தை நிறுத்தி வைக்கும் ஊர்களும் உண்டு. காகிதத்தை வாசிக்கிற தலைவரைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஜக்கையனுக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வகுப்புக்கு வந்த தலித் தலைவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய காரியங்களும் சின்னக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் பத்து வருஷம் அங்கே ஆர். சண்முகம் தலைவர். தண்ணீர் எல்லா வீட்டுக்கும் போகத் தொடங்கியதும், தெருவிளக்கு கூடியதும், மின் கட்டணச் சீட்டில் தொகை ஏறிக்கொண்டே போனது. எந்தத் தலைவரும் பார்க்கிற சீட்டுத்தான் அது. அவர் அதை வைத்துக்கொண்டு மின்சாரத்தைப் பற்றியே படிக்க ஆரம்பித்தார். மரக்கழிவிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார். சூரிய விளக்கு வைத்தார். கடைசியில் 2006இல் ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சிக்கே சொந்தமாக நிறுவினார்கள். ஊருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஒரு கிராம ஊராட்சி மின்சாரம் விற்கும் என்று அதற்கு முன்னால் நான் நினைத்தும் பார்த்ததில்லை.

சென்னைக்கு மேற்கே குத்தம்பாக்கத்தில் ஆர். இளங்கோவின் கதை வேறு மாதிரி. ரசாயனப் பொறியாளர், வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி 1996இல் தலைவரானார். வாறுகால் கட்டும்போது, கிரானைட் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கற்களை வாங்கிப் பயன்படுத்திச் செலவை மிச்சப்படுத்தினார். எஸ்டிமேட்டில் இருந்தபடி கட்டவில்லை என்று நடவடிக்கை வந்தது, பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. ஊருக்கு நல்லது செய்தால் மட்டும் போதாது, செய்கிற மாற்றத்தைத் தீர்மானமாக எழுதி, அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும் என்ற பாடத்துக்கு நான் வகுப்பில் எடுத்துச் சொல்லும் உதாரணம் இதுதான். அவரும் அந்த அனுபவத்தைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மற்றத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பஞ்சாயத்து அகாடமி என்று ஒன்றைத் தொடங்கினார்.

தலைவரைக் கற்க வைப்பதில் பெரிய பங்கு கேள்வி கேட்கிற மக்களுக்கு உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நாலு நாள் நடந்த கிராம சபையோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து இப்போது ஆறு. வரவு செலவை வாசிக்கும்போது "அந்த மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு?" என்று ஒரு கிழவி கேட்டால் போதும், அடுத்த சபைக்குத் தலைவர் மொத்தப் பில்லையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். ஊர்த் தீர்மானத்தின் பலம் என்னவென்று எங்கள் பக்கத்துக்குக் காட்டியது கலிங்கப்பட்டி. வைகோவின் ஊர். 2015இல் அந்த ஊர் மக்கள் டாஸ்மாக் கடை வேண்டாம் என்று திரண்டார்கள். கையில் ஊராட்சித் தீர்மானம் இருந்தது, விவகாரம் வழக்காகி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது.

உள்ளாட்சியில் கற்றது மேலே போகவும் உதவுகிறது. எங்கள் சங்கரன்கோவில் தனித் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 இடைத்தேர்தலில் ஜெயித்த முத்துச்செல்வியும், 2016இல் ஜெயித்து அமைச்சரான ராஜலட்சுமியும் சங்கரன்கோவில் நகராட்சித் தலைவர்களாக இருந்தவர்கள். ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் ஊர் இது. அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர், கழிப்பறை, குப்பை எல்லாம் பார்த்த நகராட்சி அனுபவம் யாருக்கும் வீண்போகாது. எந்தக் கட்சி என்பது இங்கே எனக்கு முக்கியமில்லை.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, பணத்தைக் கீழே கொடுத்ததோடு நிற்காமல், உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் சேர்த்தே பயிற்சி கொடுத்தார்கள். திருச்சூர் பக்கம் உள்ள கிலா நிறுவனம் இன்றும் அதைச் செய்கிறது. நம் பக்கம் அந்தத் தொடர்ச்சிதான் குறை. பீடி சுற்றிய அந்தத் தலைவரம்மாவின் பதவி 2016இல் முடிந்தது. சுழற்சி முறையில் அடுத்த தேர்தலில் அந்த இடம் வேறு பிரிவுக்குப் போனது. சுழற்சி நியாயமானது, எல்லாருக்கும் வாய்ப்பு வர வேண்டும். ஆனால் ஐந்து வருஷம் கஷ்டப்பட்டுக் கற்றது வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. 2021இல் வந்த புதிய தலைவர் வால்வு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, தெரிந்தவர் அடுத்த தெருவில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். யாரும் போய்க் கேட்கவில்லை.

எங்கள் மாவட்டத்தில் 2021இல் பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. புதிய தலைவர் முதல் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பழைய தலைவரும் டேங்க் ஆபரேட்டரும் ஊராட்சிச் செயலரும் ஒரு வாரம் அவரோடு உட்கார ஒரு உத்தரவு போடுங்கள். நடந்துகொண்டிருக்கிற வேலை எது, நிலுவை வரி எவ்வளவு, எந்த இடத்தில் புறம்போக்குத் தகராறு, எந்தக் குழாய் எங்கே உடையும் என்று ஊரைச் சுற்றிக் காட்டட்டும். பயிற்சி வகுப்புகளுக்கு எங்களைப் போன்ற ஓய்வு பெற்ற அலுவலர்களை மட்டும் கூப்பிடாமல், நன்றாகச் செய்த முன்னாள் தலைவர்களையும் அழைத்து, ஒரு நாள் கூலிக்குக் குறையாத மதிப்பூதியம் கொடுங்கள். ஒரு நாள் வகுப்புக்கு வந்தால் அன்றைய பீடி போய்விடும் அவர்களுக்கு. முன்னாள் தலைவர்களின் பெயரும் ஊரும் ஒவ்வொரு ஒன்றிய அலுவலகத்திலும் இருக்கின்றன. கூப்பிட்டால் வருவார்கள்.